காமிராவின் பிறவிக் குறையும் செய்தோர் பொறுப்பும்

விலை கொடுத்து வாங்கிய பொருள் பழுதுறுங்கால், அப்பழுது பொருளோடு பிறந்ததோ, வாங்கினவன் கையிற் பிறந்ததோ என்னும் வினா எழுகின்றது. குடம் உடைந்தால் இவ்வினாவிற்கு இடமில்லை. உடைத்தவன் யாரென்பது வீடறியும். கடிகாரம் நின்றுபோனாற் சிறிது ஐயம் உண்டாகும். டிஜிட்டல் காமிராவோவெனின், எண்ணிறந்த நுண்ணிய உறுப்புக்களை மூடிய பெட்டி ஒன்றனுள் அடக்கி வைத்திருப்பது. உள்ளே நிகழ்வதை உடையவன் கண்ணாற் காண இயலாது. செய்தோர் திறந்து பார்த்துச் சொல்வதே சொல்லாய் முடிகின்றது. ஆகவே இருவருக்கும் வழக்கு நேருமிடத்து, அறிவு முழுதும் ஒரு பக்கத்தும், நட்டம் முழுதும் மற்றொரு பக்கத்துமாக நிற்கின்றன. இச்சமமின்மை எவ்வாறு நேர்செய்யப்பட்டது என்பதை, உலகறிந்த இரண்டு நிகழ்ச்சிகளைக் கொண்டு ஈண்டு விளக்குவாம். நம் நாட்டுச் சட்டம் இதுபற்றிக் கூறுவதையும் பின்னர்ப் பார்ப்பாம்.

முதலில் இக்கருவியின் அமைப்பை ஒருவாறு அறிதல் வேண்டும். லென்ஸ் வழியே புகுந்த ஒளியானது, ஷட்டர் என்னும் மெல்லிய தகடுகளாலாகிய திரை திறந்திருக்கும் கண நேரத்தில் உட்சென்று, சென்ஸார் என்னும் ஒளியுணர் தகட்டின்மீது விழுகின்றது. அத்தகட்டிலுள்ள கோடிக்கணக்கான நுண்புள்ளிகள் ஒளியை மின்னாக மாற்றுகின்றன. அம்மின்னளவுகள் எண்களாகி, எண்கள் படமாகச் சேமிக்கப்படுகின்றன. பழைய பிலிம் காமிராவுக்கும் இதற்குமுள்ள வேற்றுமைகளுள் ஒன்று நம் பொருளுக்கு இன்றியமையாதது. பிலிமிலே ஒவ்வொரு படத்திற்கும் புதிய பரப்பு வந்து நிற்கும். ஒரு துண்டில் தூசு படிந்தால் அப்படம் ஒன்றே கெடும். சுருள் நகரத் தூசும் உடன் நகர்ந்துவிடும். டிஜிட்டல் காமிராவிலோ பரப்பு மாறுவதில்லை. முதற்படத்தை ஏற்ற தகடே பதினாயிரமாவது படத்தையும் ஏற்கின்றது. ஆதலால் அத்தகட்டிற்கு வந்த குறை எப்படத்தையும் விட்டுவைப்பதில்லை.

2005 ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், ஜப்பானியக் காமிராக் கம்பெனிகள் பல, ஒன்றன்பின் ஒன்றாக ஏறக்குறைய ஒரே விதமான அறிக்கையை வெளியிட்டன. கேனன், நைகான், பியூஜிபிலிம், கோனிகா மினோல்டா, சோனி ஆகியவை அவற்றுட் சில. தாங்கள் விற்ற குறிப்பிட்ட மாதிரிகளில் உருவம் சிதைந்து தோன்றவோ, அன்றி ஒன்றுமே தோன்றாமற் படம் கறுத்துப்போகவோ கூடுமென்றும், அவ்வாறு நேர்ந்த கருவிகளை விலையின்றிப் பழுது பார்த்துக் கொடுப்பதாகவும் அவ்வறிக்கைகள் கூறின. கேனன் பவர்ஷாட் ஏ70, நைகான் கூல்பிக்ஸ் 3100 முதலிய, அக்காலத்து நடுத்தர வகுப்பார் விரும்பி வாங்கிய சிறு காமிராக்கள் அப்பட்டியல்களில் இருந்தன.

சந்தையில் ஒருவரையொருவர் வெல்ல முயலும் கம்பெனிகள் ஒரே காலத்தில் ஒரே குறையை ஒப்புக்கொள்வானேன்? காரணம் எளிது. பெயர்ப்பலகை வேறுவேறாயினும் அக்கருவிகளின் உள்ளேயிருந்த சிசிடி என்னும் ஒளியுணர் தகடு ஒரே இடத்திலிருந்து வந்தது. சோனி கம்பெனியார் அதனைச் செய்து மற்றக் கம்பெனிகளுக்கும் விற்றிருந்தனர். 2002 ஆம் ஆண்டிற்கும் 2004 ஆம் ஆண்டிற்கும் இடையே செய்யப்பட்ட தகடுகளிற் சிலவற்றில், உள்ளே மின்னைக் கொண்டு செல்லும் மயிரிழை போன்ற கம்பிகளின் இணைப்பு நாளடைவில் விட்டுப்போகும் இயல்புடையதாயிருந்தது. வெப்பமும் ஈரமும் மிகுந்த இடங்களில் இது விரைந்து நிகழக்கூடும் என்பதையும் அறிக்கைகள் எடுத்துக் கூறின. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் ஆண்டு முழுதும் நிலவுவது எத்தகைய காற்று என்பதை நேயர்களுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை.

இந்நிகழ்ச்சியில் கருதத்தக்கது, வாரண்டி என்னும் உறுதிக்காலத்தைப் பற்றியது. சிறு காமிராக்களுக்குப் பெரும்பாலும் ஓராண்டு உறுதியே தரப்படும். இத்தகடுகளோ இரண்டு மூன்று ஆண்டுகள் நன்றாய் உழைத்த பின்னர்க் கெட்டன. ஓராண்டு கழிந்தபின் வந்த பழுது உடையவன் செலவே என்பது கடைத்தெருவின் பொது வழக்கம். ஆனால் உறுதிக்காலம் என்பது குறை வெளிப்படும் நாளை அளக்கின்றதேயன்றி, அது பிறந்த நாளை அளப்பதில்லை. தொழிற்சாலையிலேயே பிறந்து, மூன்றாமாண்டிற் கண் விழித்த குறை இது. காரணம் இன்னதென்று வெளிப்பட்டபின், உறுதிக்காலம் முடிந்ததா இல்லையா என்பதைப் பாராமலே கம்பெனிகள் பழுது பார்த்துக் கொடுத்தன. அறிக்கைக்கு முன்னே இதே பழுதுக்காகத் தனித்தனியே கடையேறியவர்கள் என்ன விடை பெற்றிருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தால், காரணத்தை அறிதல் எவ்வளவு பெறுமதியுடையது என்பது விளங்கும்.

இரண்டாம் நிகழ்ச்சி இதனினும் நீண்டது. முன்னதிற் கம்பெனியார் தாமே முன்வந்து குறையைச் சொன்னார்கள். பின்னதில் அவ்வாறன்று.

2012 ஆம் ஆண்டு செப்டம்பர் 13 ஆம் நாள் நைகான் கம்பெனியார் டி600 என்னும் காமிராவை அறிமுகஞ் செய்தனர். பழைய 35 மில்லிமீட்டர் பிலிம் அளவினதாகிய பெரிய சென்ஸார், 2 கோடியே 40 இலட்சத்திற்கு மேற்பட்ட நுண்புள்ளிகள், ஏறக்குறைய 2,100 அமெரிக்க டாலர் விலை. அத்தகைய சென்ஸார் உடைய கருவிகளுள் அந்நாளில் இது குறைந்த விலையினதே; ஆயினும், படமெடுத்துப் பிழைக்கும் எளிய தொழிலாளி ஒருவருக்கு அது பல மாதத்து வருவாய். கருவி நன்றாயிருந்தது, புகழும் பெற்றது. ஆனால் சில வாரங்களுக்குள்ளேயே, வாங்கினோர் பலர் தம் படங்களில், குறிப்பாக வானம் விழும் பகுதியில், மேல் இடப்பக்க மூலையை ஒட்டிக் கரும்புள்ளிகள் சிதறிக் கிடப்பதைக் கண்டனர். துடைத்தால் மறையும், சில நூறு படங்களுக்குள் மீண்டும் தோன்றும்.

லென்ஸைக் கழற்றி மாற்றும் காமிராக்களிற் புறத்துத் தூசு புகுதல் இயல்பே. ஆதலின், "தூசு எக்காமிராவிலும் உண்டு, நீர் கவனமாய் லென்ஸை மாற்றும்" என்று சொல்லி அனுப்புதல் மிக எளிது. இங்கேதான் வழக்கின் உயிர்நிலை இருந்தது. அது வெளியிலிருந்து வந்த தூசாயின் உடையவன் குறை. உள்ளிருந்தே பிறந்ததாயின் செய்தோர் குறை. இரண்டும் படத்திலே ஒரே கரும்புள்ளிதான். எவ்வாறு பிரித்தறிவது?

உடையவர்கள் இதற்குக் கண்ட வழி பாராட்டத்தக்கது. புறத்தூசு எங்கும் சமமாக விழவேண்டும். குறிப்பிட்ட ஒரு மூலையை அது தேடிப் போவதற்குக் காரணமில்லை. பல ஊர்களிலும் பல கைகளிலும் இருந்த டி600 கருவிகளிற் புள்ளிகள் ஒரே மூலையிற் கூடினமை முதற் சான்று. அமெரிக்காவிற் காமிராக்களை வாடகைக்கு விடும் லென்ஸ்ரென்டல்ஸ் என்னும் நிறுவனத்தார், தங்களிடமிருந்த பல கருவிகளை ஒருங்கே பார்க்கும் வாய்ப்புடையவர். அவர்களும் அதே மூலையைக் குறிப்பிட்டு 2012 அக்டோபரில் எழுதினர். தனி ஒருவன் முறையீட்டிற்கு இல்லாத எடை பல கருவிகளை ஒப்பிட்டவன் சொல்லுக்கு உண்டு. மற்றொருவர் இன்னும் ஒருபடி மேற்சென்றார். ஒரே லென்ஸைப் பூட்டியபடியே ஏறக்குறைய ஆயிரம் படங்கள் தொடர்ந்து எடுத்து, அவற்றை வரிசையாகக் கோத்துத் திரைப்படம்போல ஓட்டிக் காட்டினார். வெண்மையான வெளியில், மழைத்துளி மண்ணில் விழுவதுபோல, ஒவ்வொன்றாய்ப் புள்ளிகள் விழுந்து பெருகுவதை எவரும் காணலாயிற்று. லென்ஸ் கழலாத காமிராவிற்குள் புள்ளிகள் பெருகுமாயின், அவை உள்ளேயே ஓடும் உறுப்பொன்றிலிருந்து வந்தனவாதல் வேண்டும். படந்தோறும் சென்ஸாருக்கு முன்னே ஓடுவது ஷட்டர்.

இச்சோதனையின் இயல்பை விளக்குதல் மாணவர்க்குப் பயன்படும். தூசு சென்ஸாரின் ஒளியுணர் பரப்பிலேயே படிவதில்லை. அதன்மேற் கவிந்துள்ள மெல்லிய கண்ணாடித் தகட்டிற் படிகின்றது. தூசிற்கும் ஒளியுணர் பரப்பிற்கும் இடையே சிறிது தூரம் உண்டு. ஆகவே நாம் படத்திற் காண்பது தூசையன்று, தூசின் நிழலை. லென்ஸின் துவாரம் அகன்றிருக்கும்போது ஒளி பல பக்கங்களிலிருந்தும் சாய்ந்து வந்து தூசின் அடியிலும் புகுந்துவிடும். நிழல் கலைந்து காணாமற் போகும். துவாரத்தைச் சுருக்கினால் ஒளி ஏறக்குறைய ஒரே முகமாக வரும். நிழல் கூர்மையாய் விழும். வானம் முழுதும் மேகம் மூடிய பகலில் மரத்தின் நிழல் தரையில் தெரிவதில்லை; வெயில் எறித்த உடனே இலை இலையாய்த் தெரிகின்றது. அதே முறைதான் இது. கணக்கிற் சொல்வோமாயின், 50 மில்லிமீட்டர் லென்ஸில் எஃப் 2 என்னும் அளவிலே துவாரத்தின் குறுக்களவு 25 மில்லிமீட்டர். எஃப் 16 என்னும் அளவிலே 3 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஆகையால், எஃப் 16 அல்லது எஃப் 22 என்று வைத்துக்கொண்டு, வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ ஒரு படம் எடுத்துப் பார்த்தால், எந்தக் காமிராவும் தன் உட்தூசை ஒளிக்கமாட்டாது.

திருமண வீட்டிலும் நாடக அரங்கிலும் படமெடுப்போர் பெரும்பாலும் துவாரத்தை அகல விரித்தே எடுப்பர். அவர்கள் கண்ணில் இப்புள்ளிகள் படுவது அரிது. மலையும் கடலும் வானமும் எடுப்போர் துவாரத்தைச் சுருக்குவர், அவர்களுக்கே தொல்லை. "என்னுடையதில் ஒன்றும் இல்லையே" என்று ஒரு சாரார் உண்மையாகவே சொன்னதன் காரணம் இதுதான். ஒரே குறையுடைய இரு கருவிகளில் ஒன்று நல்லதென்றும் மற்றொன்று தீயதென்றும் உடையவர்களாலேயே சொல்லப்பட்டன. குறையை மறுப்போருக்கு இத்தகைய சாட்சிகள் எப்பொழுதும் எளிதிற் கிடைப்பார்கள்.

2013 பிப்ரவரியில் நைகான் கம்பெனியார், டி600 கருவியிற் கரும்புள்ளிகள் தோன்றுவதாகச் சிலர் தெரிவித்துள்ளனர் என்று ஓர் அறிவிப்பு வெளியிட்டு, துடைக்கும் முறையைக் கூறி, அதனால் தீராவிடிற் பழுது பார்க்கும் நிலையத்தை அணுகும்படி சொன்னார்கள். அவ்வாண்டு அக்டோபரில் டி610 என்னும் புதிய மாதிரி வந்தது. பழையதற்கு ஓராண்டு நிரம்பிச் சில வாரங்களே ஆகியிருந்தன. வடிவமும் சென்ஸார் அளவும் முன்போலவே. சிறந்த மாற்றம் ஷட்டர். காரணத்தை வாயாற் சொல்லாமற் செய்கையாற் சொன்னபடி இது. ஆனால் பழைய கருவியை வைத்திருந்தோர் நிலைமை முன்னிலும் கேடாயிற்று. குறையுடையதென்று பெயர்பெற்ற மாதிரியை வைத்திருக்கவும் மனமில்லை. விற்கப் போனால் விலையுமில்லை. குறையைத் திருத்திப் புதிய பொருளாக விற்பவர், பழையதை வாங்கியவனுக்கும் அத்திருத்தத்தைக் கொடுத்தல் நேர்மை என்பது எம் கருத்து.

2014 பிப்ரவரி 26 ஆம் நாள் அது ஓரளவு நிறைவேறிற்று. உறுதிக்காலம் கழிந்திருந்தாலும், டி600 கருவிகளைச் சோதித்துத் துடைத்து, ஷட்டரையும் அதனைச் சார்ந்த உறுப்புக்களையும் விலையின்றி மாற்றித் தருவதாகக் கம்பெனியார் அறிவித்தனர். மூன்று வாரத்திற்குள் காரியம் வேறொரு திசையிலிருந்து வேகங்கொண்டது. மார்ச் 15 உலக நுகர்வோர் உரிமை தினம். 1962 ஆம் ஆண்டு அதே நாளில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி தம் நாட்டுக் காங்கிரஸுக்கு நுகர்வோர் உரிமைகள் குறித்து விடுத்த செய்தியின் நினைவாக ஏற்பட்டது அது. சீனாவின் மத்தியத் தொலைக்காட்சி நிலையத்தார் ஆண்டுதோறும் அன்றிரவு, பொதுமக்களுக்குக் குறையுடைய பொருள்களை விற்றோரைப் பெயர் சொல்லி நாடறிய வெளிப்படுத்துவது வழக்கம். 2014 ஆம் ஆண்டு நிகழ்ச்சியில் டி600 இடம்பெற்றது. உடனே ஷாங்காய் நகரத்து அதிகாரிகள் அம்மாதிரியின் விற்பனையை நிறுத்தும்படி உத்தரவிட்டனர். அம்மாத இறுதியிற் கம்பெனியார் மறுபடியும் ஓர் அறிவிப்புச் செய்தனர். பழுது பார்த்த பின்னரும் புள்ளிகள் தீராத கருவிகளுக்கு ஈடாக, டி600 அல்லது அதற்கு ஒப்பான வேறு மாதிரியை மாற்றித் தருவதென்பது அதன் சாரம். ஒப்பான மாதிரி டி610 ஆயிற்று. முதலிற் துடைத்தல், பிறகு உறுப்பை மாற்றுதல், இறுதியிற் கருவியையே மாற்றுதல் என்ற மூன்று படிகளையும் ஏற ஒன்றரை ஆண்டு சென்றது.

சீனாவில் இது விரைந்து முடிந்ததற்கு அந்நாட்டு விதியும் ஒரு காரணம். "மூவகைப் பொறுப்பு" என்று அங்கே வழங்கும் முறையிற் பழுது பார்த்தல், மாற்றித் தருதல், பணத்தைத் திருப்புதல் என்னும் மூன்றும் விற்போர் கடமைகளாக வகுக்கப்பட்டுள்ளன. இருமுறை பழுது பார்த்தும் தீராத பொருளை மாற்றித் தருதல் வேண்டும் என்பது அவ்வழியில் ஒரு நியதி. எத்தனை முறை "பழுது பார்க்கின்றோம்" என்று சொல்லலாம் என்பதற்கு ஓர் எல்லை இருத்தல் நன்று.

இனி, இத்தகைய குறை தம் கையிலுள்ள கருவியிற் காணப்படின் ஒருவர் செய்யத்தக்கது யாது என்பதை நோக்குவாம். மேற்கூறிய இரு நிகழ்ச்சிகளும் ஒன்றையே காட்டுகின்றன. குறை வெளியிலிருந்து வரவில்லை என்று காட்டக்கூடியவன் வெல்கின்றான். கோபத்தோடு பேசுவோன் வெல்வதில்லை. ஆகையால் முதலில் வேறு லென்ஸ், வேறு மின்கலம், வேறு நினைவட்டை ஆகியவற்றை மாற்றி மாற்றிப் பூட்டி, குறை எதனோடு செல்கின்றது என்று பார்த்தல் வேண்டும். லென்ஸோடு செல்லும் குறை காமிராவினுடையதன்று. எல்லாவற்றையும் மாற்றியும் போகாதது கருவியின் உடலைச் சேர்ந்தது.

அடுத்தது சான்று. இவ்விஷயத்தில் டிஜிட்டல் காமிராவிற்கு வேறெப்பொருளுக்கும் இல்லாத ஒரு சிறப்பு உண்டு. பழுதுற்ற கருவி தன் பழுதிற்குத் தானே சாட்சி எழுதி வைக்கின்றது. எடுத்த ஒவ்வொரு படத்தின் கோப்பினுள்ளும் மாதிரியின் பெயர், நாள், நேரம், துவார அளவு, ஷட்டர் திறந்திருந்த நேரம் ஆகியவை பதிவாகின்றன. பல கருவிகளில் அது எத்தனையாவது படம் என்ற எண்ணும் பதியும். வாங்கிய மூன்றாம் நாளில் எடுத்த நானூறாவது படத்திலேயே குறை இருந்தது என்று அக்கோப்பே சொல்லுமாயின், "நெடுநாள் உபயோகத்தால் வந்த தேய்வு" என்னும் விடை நிற்கமாட்டாது. ஆனால் படத்தைத் திருத்தியோ, சுருக்கியோ, கைபேசி வழியே பலருக்கு அனுப்பியோ விட்டால் இக்குறிப்புக்கள் அழிந்துபோகலாம். ஆதலால் காமிரா எழுதிய மூலக் கோப்பை அப்படியே வேறோர் இடத்தில் வைத்துக்கொள்ளுதல் நலம். நினைவட்டையைக் கருவியோடு அனுப்பிவிடுதல் கூடாது.

தானே துடைத்துப் பார்க்கும் ஆசையையும் அடக்கல் வேண்டும். சான்றைப் பதிவு செய்யுமுன் துடைப்பது சான்றை அழிப்பது. கண்ணாடியிற் கீறல் விழுந்தால் வழக்கே தலைகீழாகும். திருகாணியைத் திறந்தாலோ உறுதிமொழி அன்றே இறந்தது. நம் நாட்டில் மழைக்காலத்தில் லென்ஸினுட் படரும் பூஞ்சணமும், நீர் புகுந்ததும், கீழே விழுந்ததும் செய்தோர் பொறுப்பிற் சேரமாட்டா. அவற்றை மறைத்துக் கருவியை அனுப்புவோர் மெய்க்குறையுடைய மற்றவர்களுக்கும் கேடு செய்கின்றனர்.

பழுது பார்க்கும் நிலையத்திற் கருவியைக் கொடுக்கும்பொழுது, குறை இன்னதென்றும், எவ்வமைப்பில் அது தோன்றுமென்றும் இரண்டு வரி எழுதிக் கொடுத்து, கருவியின் வரிசை எண் குறிக்கப்பட்ட சீட்டைப் பெறுதல் வேண்டும். திரும்பி வரும்போது அவர்கள் செய்ததையும் எழுத்தில் வாங்க வேண்டும். "குறை காணப்படவில்லை" என்று எழுதித் தந்தாலும் அது பயனற்ற சீட்டன்று. அதே குறை மறுவாரமே தோன்றுமாயின், அச்சீட்டும் புதிய படமும் ஒருங்கு சேர்ந்து உடையவன் பக்கமே பேசும். வாங்கிய ரசீது இல்லாதவனுக்கு இவ்வளவும் வீண். விலை குறைவென்று, கம்பெனியின் வழியே வராமல் மறைமுகமாய் வெளிநாட்டிலிருந்து கொணர்ந்து விற்கும் கருவியை வாங்குவோர், இந்நாட்டிலுள்ள நிலையத்தார் அதற்கு உறுதி தர மறுக்கலாம் என்பதை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

இவை பலிக்காவிட்டாற் சட்டம் உண்டு. வாரண்டிச் சீட்டு கம்பெனியார் தாமாகக் கொடுக்கும் வாக்கு. சட்டம் தரும் உரிமை அதற்குப் புறம்பானது. 1930 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டத்தின் 16 ஆவது பிரிவு, ஒரு வகைப் பொருளை விற்பதே தொழிலாகக் கொண்டவரிடம் அவ்வகைப் பொருளை வாங்கும்போது, அது விற்பனைக்கேற்ற தரமுடையதாயிருத்தல் வேண்டும் என்பதைச் சொல்லாத நிபந்தனையாகவே கொள்கின்றது. வாங்குவோன் சோதித்துப் பார்த்திருப்பின், அச்சோதனையில் வெளிப்பட்டிருக்க வேண்டிய குறைக்கு அந்நிபந்தனை செல்லாது. கடையில் நின்று காமிராவைப் புரட்டிப் பார்ப்பவனுக்கு ஷட்டரின் உட்குறை எங்ஙனம் தெரியும்? ஆகவே மறைந்த குறைக்கு நிபந்தனை நிற்கும்.

இதனினும் எளிய வழி 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 1986 ஆம் ஆண்டின் பழைய சட்டத்திற்கு மாற்றாக வந்து, 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி மாவட்ட ஆணையத்தில், தான் வசிக்கும் ஊரிலிருந்தே ஒருவர் வழக்குத் தொடுக்கலாம். விற்ற கடை டில்லியிலும், கம்பெனி வேறு மாநிலத்திலும் இருப்பது தடையன்று. கொடுத்த விலை 5 இலட்சம் ரூபாய் வரையில் ஆணையத்திற்குக் கட்டணம் இல்லை. வழக்கிற்குக் காரணம் தோன்றிய நாள் முதல் இரண்டு ஆண்டிற்குள் தொடுத்தல் வேண்டும். அதற்கு முன் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவித் தொலைபேசியில் முறையிடலாம். பல வழக்குகள் அவ்வளவிலேயே தீர்ந்துவிடும்.

வாணிகத்திற்காகப் பொருள் வாங்கியவர் இச்சட்டத்தின்படி நுகர்வோர் ஆகார். ஆயினும், தன் கையால் தொழில் செய்து வயிறு வளர்ப்பதற்கென்றே வாங்கியவனுக்கு அவ்விலக்கு இல்லை. சிற்றூரில் ஒற்றைக் காமிராவை வைத்துக்கொண்டு, திருமணத்திற்கும் காதணி விழாவிற்கும் சென்று குடும்பம் நடத்துபவர், அது பழுதுற்றால் தொழிலையே இழக்கின்றார். அவரும் ஆணையத்தின் வாயிலை அணுகலாம். இவ்விதிவிலக்கை வகுத்தவர்கள் நாட்டு நிலையை உணர்ந்தவர்கள்.

தொடக்கத்திற் சொன்ன அறிவுச் சமமின்மைக்கும் இச்சட்டத்தில் ஒரு பரிகாரம் காணப்படுகின்றது. ஆராய்ச்சியின்றி அறிய முடியாத குறையாயின், ஆணையத்தார் அப்பொருளை முத்திரையிட்டுத் தகுந்த சோதனைக்கூடத்திற்கு அனுப்பி, 45 நாட்களுக்குள் அறிக்கை பெறலாம். அதற்கான செலவை முறையீட்டாளர் முன்னதாகக் கட்டவேண்டியிருக்கும். திறந்து பார்த்துச் சொல்லும் உரிமை அப்போது செய்தோர் கையை விட்டு நடுநிலையாளர் கைக்குச் செல்கின்றது. குறை மெய்யென்று கண்டால், அதனை நீக்கித் தரும்படியோ, வேறு பொருள் தரும்படியோ, விலையை வட்டியுடன் திருப்பும்படியோ, உண்டான இழப்பிற்கு ஈடு செய்யும்படியோ ஆணையம் உத்தரவிடலாம்.

வேறு பொருள் என்பதிலும் ஒரு நுட்பம் இருக்கின்றது. வழக்கின்றி மாற்றித் தரும் கம்பெனிகள், பிறர் திருப்பியனுப்பிய கருவியைச் செப்பஞ்செய்து கொடுப்பதும் உண்டு. அது நன்றாகவே உழைக்கலாம். ஆனால் ஆணையத்தின் உத்தரவைப் பற்றிச் சட்டம் கூறுவது, அதே வகையைச் சேர்ந்த, குறையற்ற, புதிய பொருள் என்பதே. சமாதானமாய் முடித்துக்கொள்வோர், தமக்குத் தரப்படுவது புதியதா, செப்பஞ்செய்ததா என்று கேட்டு, அதனை எழுத்தில் வாங்கிக்கொள்ளுதல் வேண்டும். புதிய வரிசை எண்ணை ரசீதிலும் உறுதிச் சீட்டிலும் பதியச் செய்து, உறுதிக்காலம் எந்நாள் தொடங்குகின்றது என்பதையும் அவற்றிலேயே குறிக்கச் சொல்லல் வேண்டும். பழைய எண்ணுடைய சீட்டும் புதிய எண்ணுடைய கருவியுமாக வீடு திரும்பினால், அடுத்த பழுதின்போது எல்லாவற்றையும் மீண்டும் முதலிலிருந்து தொடங்க நேரிடும்.